மலையக நீர்நிலைகளில் மருந்துக் கலப்பும் மீனின் குருதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலிருந்தும், தலவாக்கலை, நோர்வூட், மஸ்கெலியா மலைகளின் தேயிலையிலிருந்தும் வழிந்தோடும் மழைநீர் சிற்றோடைகளில் இறங்கி, நானு ஓயா, கொத்மலை ஓயா, கெகெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் வழியாக நீர்த்தேக்கங்களை அடைகிறது. பயிருக்கு அடித்த மருந்தின் ஒரு பங்கும் அதோடு சேர்ந்தே வருகிறது. மீன் செத்து மிதந்தால் ஊரே கூடிப் பேசுகிறது. சாகாமல் உள்ளுக்குள் நலிந்துபோகும் மீனைப் பற்றிக் கேட்போர் குறைவு. அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களே இங்கே உள்ளன. நம் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல, பீடைகொல்லி, பங்கசுக்கொல்லி, களைகொல்லி ஆகிய மூன்றையும் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டிருக்கிறேன்.

மீனின் குருதி நம்முடைய குருதியைப் போன்றதுதானா?

நிறத்தில் ஒன்று, அமைப்பில் வேறு. நமது செங்குழியங்கள் முதிர்ந்தபின் கருவை இழந்து வட்டத் தட்டுகளாகிவிடுகின்றன. மீனின் செங்குழியமோ நீள்வட்டமானது. சாகும்வரை கருவைத் தன்னுள் வைத்திருப்பது. மனிதரில் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் இருக்கும்போது, திலாப்பியா, கார்ப் போன்ற மீன்களில் பெரும்பாலும் 10 முதல் 25 இலட்சம் வரையே காணப்படும். எண்ணிக்கை குறைவு என்றாலும் ஒவ்வொரு குழியமும் பெரியது. குருதியின் மொத்த அளவும் குறைவு: நம் உடல் நிறையில் ஏழெட்டு வீதம் குருதியென்றால், மீனில் மூன்று முதல் ஐந்து வீதம் வரைதான். ஆகவே 200 கிராம் திலாப்பியா ஒன்றின் உடம்பில் ஓடுவது வெறும் 6 முதல் 10 மில்லிலீற்றர் வரையான குருதியே.

மீனுக்கு என்புமச்சை கிடையாது. அதன் குருதிக்குழியங்கள் முக்கியமாகச் சிறுநீரகத்தின் முற்பகுதியிலும், ஓரளவு மண்ணீரலிலும் உருவாகின்றன. மீன் வெட்டியவர்களுக்கு அந்தச் சிறுநீரகம் நன்கு தெரிந்ததுதான்: வயிற்றைத் திறந்து குடலை எடுத்தபின், முள்ளந்தண்டின் அடியில் நீளமாக ஒட்டிக்கிடக்கும் கருஞ்சிவப்புப் பட்டையை நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டி எடுப்போமே, அதுவேதான். பெயருக்குச் சிறுநீரகம் என்றாலும், தலைப்பக்கமாக இருக்கும் அதன் பகுதி குருதி செய்யும் பட்டறை. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பலவற்றை விளங்கிக்கொள்வது எளிது. ஏனெனில் உடலுக்குள் வந்த நஞ்சைக் கையாளும் உறுப்பும் குருதியை உற்பத்தி செய்யும் உறுப்பும் மீனில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருக்கின்றன.

தண்ணீரில் உள்ள மருந்து குருதிக்குள் எப்படிப் போகிறது?

பெரும்பாலும் செவுள் வழியாகத்தான். பாடநூல்கள் இதனைப் பூ என்று குறிப்பிடும். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு என்பதால், மீன் ஓயாமல் பெருமளவு தண்ணீரைச் செவுளின் மேல் ஓடவிட வேண்டியிருக்கிறது. அங்கே தண்ணீருக்கும் குருதிக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீற்றரின் சில ஆயிரத்திலொரு பங்கு தடிப்புள்ள படலம் மட்டுமே. ஒட்சிசன் நுழைவதற்காக அவ்வளவு மெல்லியதாக அமைந்த கதவு மருந்துக்கும் திறந்தே கிடக்கிறது. கொழுப்பில் கரையும் மருந்துகள் அதனூடாகச் சுலபமாக ஊடுருவுகின்றன. மருந்து படிந்த சேற்றையும் புழுபூச்சிகளையும் தின்பதால் குடல் வழியாகவும் ஓரளவு சேருகிறது.

குருதியில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். மருந்தின் வகை, அளவு, எத்தனை நாள் என்பவற்றைப் பொறுத்து நேரெதிரான விளைவுகள்கூட வரும்.

முதல் சில மணித்தியாலங்களில் நடப்பது அதிர்ச்சி. அதிர்ச்சி நேரத்தில் சுரக்கும் ஓமோன்களான அட்ரினலினும் கோர்ட்டிசோலும் குருதியில் ஏறுகின்றன, மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த செங்குழியங்களை வெளியே தள்ளுகிறது, குழியங்கள் சற்றே வீங்குகின்றன, குளுக்கோசு உயர்கிறது. இந்த வேளையில் குருதியை எடுத்து எண்ணினால் செங்குழியம் கூடியிருக்கும். ‘மருந்து கலந்த தண்ணீரில் மீனுக்கு இரத்தம் ஊறியிருக்கிறது’ என்று யாராவது முடிவுக்கு வந்தால், அது வீட்டில் தீப்பிடித்தபோது எல்லோரும் வெளியே ஓடிவருவதைப் பார்த்து ஊரில் சனம் பெருகிவிட்டது என்பதற்குச் சமம்.

நாட்கள் வாரங்களாகும்போது படம் மாறுகிறது. பல மருந்துகள் கலங்களுக்குள் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. மீனின் செங்குழிய மென்சவ்வில் நிரம்பா கொழுப்பமிலங்கள் அதிகம் என்பதால் அது இந்தத் தாக்குதலுக்கு விரைவில் பலியாகிறது. சவ்வு கிழிந்து குழியம் உடைய, உள்ளிருந்த ஈமோகுளோபின் வெளியே சிந்துகிறது. உடைந்தவற்றின் இடத்தை நிரப்ப வேண்டிய சிறுநீரகத் திசுவும் அதே நஞ்சில் ஊறிக்கிடப்பதால் புதிய உற்பத்தி தளர்கிறது. மீன் சரியாகத் தின்னாததால் இரும்பும் புரதமும் போதாமற்போகின்றன. இவை யாவும் சேர்ந்தே, செங்குழிய எண்ணிக்கை, ஈமோகுளோபின், குருதியில் குழியங்களின் பங்கு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சரிகின்ற குருதிச்சோகை உருவாகிறது. நீண்டகாலம் மருந்துக்கு ஆட்பட்ட மீன்களைப் பற்றிய ஆய்வுகளில் மிக அதிகமாகப் பதிவாகியிருக்கும் விளைவு இதுதான்.

செவுள் சேதமடைவது இன்னொரு பாதை. நன்னீர் மீனின் குருதி சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. அந்த உப்பை வெளியேவிடாமல் காப்பது செவுளின் ஓயாத வேலை. செவுளின் தோல் வீங்கி உரிந்தால் உப்பு கசிந்து வெளியேறுகிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது. போதாக்குறைக்கு ஒட்சிசன் நுழையும் வழியும் தடிப்பாகிவிடுகிறது. குருதியில் குறையும் ஒட்சிசனும் செவுளில் குறையும் ஒட்சிசனும் சேரும்போதுதான் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

வெண்குழியங்களுக்கு என்ன ஆகிறது?

குறுகிய காலத்தில் வெண்குழியங்களில் நிணநீர்க்குழியங்கள் என்ற வகை குறைந்து, நடுநிலைநாடிகள் என்ற வகை கூடுகின்றது. கோர்ட்டிசோலின் கைவண்ணம் அது. நீண்ட காலத்தில் மொத்த வெண்குழிய எண்ணிக்கையே தாழ்ந்துவிடுவதுண்டு. அப்போது தண்ணீரில் எப்போதும் இருக்கும் ஏரோமொனாஸ் போன்ற சாதாரண பக்ரீரியாக்களே மீனைப் புண்ணாக்கிக் கொன்றுவிடுகின்றன. மீனின் சாவுக்குக் காரணம் ‘புண் நோய்’ என்று எழுதப்படும். ஆனால் நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது எது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

மலையகத்தின் தண்ணீரில் அப்படி என்ன தனித்தன்மை?

இந்தக் கேள்விக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். மருந்துப் போத்தலில் அச்சிட்ட அறிவுரைகளைப் படிக்கும்போது நாம் நினைத்துப் பார்க்காத மூன்று காரணங்கள் இங்கே ஒன்றுகூடுகின்றன.

முதலாவது, நமது ஓடைகளின் தண்ணீர் மென்னீர். பழம்பாறைகளின் மேல் ஓடிவரும் அதில் கல்சியமும் மகனீசியமும் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காத அனுபவம் உள்ளவர்கள், இங்கே பீலியில் குளிக்கும்போது உடம்பில் பூசிய சவர்க்காரம் எளிதில் போகாததைக் கவனித்திருப்பார்கள். செம்பு சார்ந்த மருந்துகளுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. கடினநீரில் கல்சியம் செவுளின் மேற்பரப்பில் இடம் பிடித்துக்கொண்டு செம்பைத் தடுக்கிறது; மென்னீரில் தடுப்பதற்கு ஆளில்லை. மென்னீரில் ஒரு லீற்றரில் சில பத்து மைக்ரோகிராம் கரைந்த செம்பே ட்ரவுட் மீனைக் கொல்லப் போதும். கடினநீரில் அதே விளைவுக்குப் பல மடங்கு தேவைப்படும். 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றிய காலத்திலிருந்து செம்பு மருந்து நமது மலைகளுக்குப் பழக்கமான ஒன்று என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவுளில் ஏறிய செம்பு, மீன் சோடியத்தை உள்ளிழுக்கும் நொதியத்தை முடக்குகிறது. சோடியம் குறைந்த குருதியிலிருந்து தண்ணீர் திசுக்களுக்குள் நகர, குருதி தடித்து, இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறுகிறது.

இரண்டாவது, குளிர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். பைரெத்ரொயிட் வகை மருந்துகள், அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லம்டா சைகலோத்ரின் போன்றவை, சூடான நீரைவிடக் குளிர்ந்த நீரில் மீனுக்கு அதிக நஞ்சானவை. குளிரில் மீனின் உடம்பு அவற்றை உடைத்துக் கழிப்பது மேலும் தாமதப்படுவது இதற்கொரு காரணம். சாதாரண வெப்பநிலையிலேயே மீனின் ஈரல் இந்த வேலையில் மிக மெதுவானது.

மூன்றாவது, அமிலத்தன்மை. தேயிலைக்கு ஏற்ற மண் அமில மண். அதில் ஊறிவரும் நீரும் பல இடங்களில் அமிலப் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. ஓகனோபொஸ்பரஸ் என்ற பூச்சிமருந்துக் குடும்பத்தில் பல காரநீரில் விரைவாகச் சிதைகின்றன. அமில நீரில் அவற்றின் ஆயுள் நீள்கிறது. பொலன்னறுவைக் குளமொன்றில் மறைந்துவிடக்கூடிய மருந்து, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள சீத்தா எலிய ஓடையொன்றில் இன்னும் சில நாட்கள் தங்கியிருக்கலாம்.

இவற்றோடு சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பாத்திகளில் காலையில் அடித்த மருந்து, பகலில் கொட்டும் மழையோடு மாலைக்குள் ஓடையில் நிற்கும்.

எந்த மருந்து மீனுக்குக் கூடுதல் ஆபத்து? போத்தலின் நிறப்பட்டியைப் பார்த்து அறியலாமா?

அறிய முடியாது. போத்தலின் நிறப்பட்டி அந்த மருந்து மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைக் காட்டுவது. மீனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கிழங்குக்கும் தக்காளிக்கும் உலகெங்கும் அடிக்கப்பட்ட குளோரோதலோனில் என்ற பங்கசுக்கொல்லி, மனிதருக்கு உடனடி நச்சுத்தன்மை குறைந்த வகுப்பில் இடம்பெற்றது. மீனுக்கோ, லீற்றருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவிலேயே அது மரணம். பைரெத்ரொயிட்டுகள் இன்னும் மோசம். மனித உடம்பு அவற்றை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. ட்ரவுட் மீனைக் கொல்லவோ லம்டா சைகலோத்ரின் லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே போதும். மிளகாய்க்கும் கோவாவுக்கும் பயன்படும் புரொபெனோபொஸ், அபாமெக்ரின் ஆகியனவும் மீனுக்குக் கடுமையானவையே.

கிளைபோசேற்றைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். 2015இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. அதன் மூலப்பொருள் மீனுக்குப் பைரெத்ரொயிட் அளவுக்கு நஞ்சல்ல. இலையில் ஒட்டுவதற்காகச் சில தயாரிப்புகளில் சேர்க்கப்படும் சவர்க்காரம் போன்ற பதார்த்தமே செவுளை அதிகம் தாக்குகிறது. அரசியல் மேடைகளில் பேசப்பட்ட அளவை வைத்து ஒரு மருந்தின் நஞ்சை எடைபோட்டால், பேசப்படாதவை தப்பித்துக்கொள்கின்றன.

ஓடையில் மருந்து டாங்கியைக் கழுவுவதால் பெரிதாக என்ன வந்துவிடும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லீற்றரில் 25 கிராம் லம்டா சைகலோத்ரின் உள்ள போத்தல் ஒன்றின் அடியில் 5 மில்லிலீற்றர் ஒட்டியிருக்கிறது. ஒரு தேக்கரண்டி அளவு. அதிலிருப்பது 125 மில்லிகிராம், அதாவது 1,25,000 மைக்ரோகிராம் மருந்து. அதை லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற அளவுக்கு ஐதாக்குவதற்கே 1,25,000 லீற்றர் தண்ணீர் வேண்டும். 5,000 லீற்றர் பவுசரில் 25 முறை கொண்டுவந்து ஊற்றினாலும், ட்ரவுட் மீன் பிழைக்கும் அளவுக்கு அது இறங்கியிருக்காது. வரட்சிக் காலத்தில் கணுக்கால் ஆழத்தில் ஓடும் ஓடையில் அந்த ஒரு தேக்கரண்டி எவ்வளவு தூரம் போய் வேலை செய்யும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

டாங்கியைக் கழுவிய நீரை, மருந்து அடித்த அதே பாத்தியிலேயே, ஓடையிலிருந்து தள்ளி ஊற்றிவிடுவதே முறை. செலவில்லாத ஒரே தீர்வும் அதுதான். மருந்து அடிக்கும் தொழிலாளிக்குக் கழுவுவதற்கு வேறு தண்ணீர் வைத்துக்கொடுக்காமல், அவர் ஓடைக்குப் போவதைக் குறைசொல்வது நியாயமல்ல.

பழைய, தடை செய்யப்பட்ட மருந்துகள் இன்னும் மீனைப் பாதிக்குமா?

சில பாதிக்கக்கூடும். 1950களில் தேயிலையின் தண்டுத் துளைப்பானுக்கு எதிராக டீல்ட்ரின் அடிக்கப்பட்டது. அந்த ஓகனோகுளோரின் குடும்பம் சேற்றில் பல பத்தாண்டுகள் தங்கி, மீனின் கொழுப்பில் சேரும் இயல்புடையது. அதன் பின்னர், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நஞ்சு கூடியவை படிப்படியாக விலக்கப்பட்டன; உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவையாக வகைப்படுத்தியவற்றில் எஞ்சியிருந்தவை 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் நிறுத்தப்பட்டன. மருந்து குடித்துச் சாவோரின் தொகையைக் குறைப்பதே அத்தடைகளின் நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆனால் மனித உயிரைக் காப்பதற்குத் தேர்ந்தெடுத்த மாற்றுகளில் சில, மீனுக்கு முன்னவற்றைவிடக் கொடியவையாக அமைந்துவிட்டன. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மனிதரையும் மீனையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மீனின் குருதியை எப்படி எடுக்கிறார்கள்? மீன் செத்துவிடாதா?

முறையாகச் செய்தால் சாகாது. முதலில் மயக்க வேண்டும். அதற்குக் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் விளையும் கராம்பின் எண்ணெயே போதும். எண்ணெயைச் சிறிது மதுசாரத்தில் கலந்து தண்ணீரில் அளவோடு விட்டால், சில நிமிடங்களில் மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஈரத்துணியில் கிடத்தி, குதத்துடுப்புக்குச் சற்றுப் பின்னால், வாலின் அடிப்பக்க நடுக்கோட்டில் ஊசியை மேல்நோக்கிச் செலுத்தினால், அது முள்ளந்தண்டின் எலும்பில் மெல்லத் தட்டும். அந்தத் தட்டலை விரல் உணர்ந்ததும் ஊசியை ஒரு மயிரிழை பின்னிழுத்து, உருளையை மெதுவாக இழுக்க வேண்டும். கருஞ்சிவப்பு நூல்போலக் குருதி ஏறிவரும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் குழியங்கள் ஊசியிலேயே உடைந்துவிடும். பிறகு மருந்தால் உடைந்தது எது, நம் கையால் உடைந்தது எது என்று பிரித்தறிய முடியாது. நான் பழகிய முதல் வாரத்தில் எடுத்த மாதிரிகளில் பாதியை இந்தக் காரணத்தாலேயே கழிவில் ஊற்ற வேண்டியதாயிற்று.

குருதி உறையாமலிருக்க ஊசியை முன்கூட்டியே ஹெப்பாரினால் நனைத்துக்கொள்வார்கள். செத்த மீனின் குருதி எதற்கும் உதவாது.

வைத்தியசாலையின் குருதிச் சோதனை இயந்திரத்தில் கொடுத்துவிடலாமே?

கொடுத்தால் எண்கள் வரும். அவை பொய் எண்கள். மனிதக் குருதிக்காகச் செய்த இயந்திரம், கரு உள்ளதெல்லாம் வெண்குழியம் என்று எண்ணப் பழகியது. மீனில் செங்குழியத்துக்கும் கருவுண்டு. குருதியை உறையச் செய்யும் குழியத்துக்கும் கருவுண்டு. ஆகவே சாயக் கரைசலில் ஐதாக்கி, கோடிட்ட கண்ணாடி எண்ணறையில் இட்டு, நுணுக்குக்காட்டியில் கண்ணால் எண்ணுவதே இன்றும் நம்பகமான வழி. ஈமோகுளோபினை அளக்கும்போதும், உடைந்த குழியங்களின் கருக்கள் கரைசலைக் கலங்கலாக்கிப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், அவற்றைச் சுழற்றிப் படியவிட்டு அகற்றிய பின்னரே வாசிக்க வேண்டும்.

அறிக்கையிலுள்ள எண்களை எப்படி வாசிப்பது?

விளக்கத்துக்காக இரண்டு மீன்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் குழியங்களின் பங்கு 30 வீதம். ஒரு கன மில்லிமீற்றரில் 20 இலட்சம் செங்குழியங்கள். 30ஐப் பத்தால் பெருக்கி, மில்லியனில் உள்ள எண்ணிக்கையான 2ஆல் வகுத்தால் 150 வருகிறது. அது ஒரு குழியத்தின் சராசரிக் கனவளவு, பெம்டோலீற்றர் என்ற மிகச் சிறிய அலகில். இரண்டாவது மீனில் பங்கு 24 வீதம், எண்ணிக்கை 12 இலட்சம், கனவளவு 200. முதற்பார்வையில் பங்கு 30இலிருந்து 24க்குக் குறைந்தது பெரிய விடயமாகத் தெரியாது. எண்ணிக்கையோ ஐந்தில் இரண்டு பங்கு வீழ்ந்திருக்கிறது. எஞ்சிய குழியங்கள் வீங்கிப்போய் அந்த வீழ்ச்சியை மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

எண்களைவிடக் கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்ட குருதியையே நான் அதிகம் நம்புகிறேன். பிரதான கருவின் பக்கத்தில், அதன் நிறத்திலேயே, புள்ளிபோல ஒரு சிறு கரு தென்பட்டால், கலம் பிரிந்த வேளையில் மரபுப்பொருளைத் தாங்கும் நிறமூர்த்தம் உடைந்திருக்கிறது என்று பொருள். கரு இருபுறமும் கிள்ளிவிட்டதுபோலவோ மொட்டு விட்டதுபோலவோ இருப்பதும் அவ்வகையே. ஆயிரக்கணக்கான குழியங்களைப் பொறுமையாகப் பார்த்து இவற்றை எண்ண வேண்டும். மருந்து பட்டுச் சில நாட்கள் கழிந்த பின்னரே இவை தோன்றும் என்பதால், தண்ணீரில் மருந்து வடிந்துபோன பிறகும் சாட்சியாக நிற்கின்றன.

குருதிச்சோகை தெரிந்தால் அதற்குக் காரணம் மருந்துதான் என்று சொல்லிவிடலாமா?

சொல்லக்கூடாது. ஒட்டுண்ணி, பட்டினி, முட்டையிடும் பருவம், மீனின் வயது, வலையில் சிக்கி அது துடித்த நேரம் ஆகிய ஒவ்வொன்றும் குருதியை மாற்றும். ஆகவே மருந்து படாத மேலோடையிலிருந்து, அதே இனத்தில், ஏறக்குறைய அதே பருமனில், அதே நாளில், அதே விதமாகப் பிடித்த மீன்களோடு ஒப்பிடாத அறிக்கைக்கு மதிப்பில்லை. தண்ணீரிலும் சேற்றிலும் மருந்தை அளந்திருக்க வேண்டும். ஓகனோபொஸ்பரஸ் மருந்து என்ற சந்தேகம் இருந்தால், அவ்வகை மருந்துகள் முடக்கும் கோலின்எஸ்தரேசு என்ற நரம்பு நொதியத்தை மூளையில் அளப்பது குருதி எண்ணிக்கையைவிட நேரடியான சான்று தரும்.

மரக்கறிப் பகுதிகளில் இன்னுமொரு குழப்பம் உண்டு. யூரியாவும் கோழி எருவும் அளவுக்கு மிஞ்சிப் போடப்பட்ட நிலத்திலிருந்து வரும் நீரில் நைத்திரைற்று சேரும்போது, அது ஈமோகுளோபினை ஒட்சிசன் ஏந்த முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதிலாகச் சொக்கலேற் நிறத்தில் இருக்கும். மீன் திணறுவது ஒன்றுதான். குற்றவாளி பசளை, மருந்தல்ல. குளத்தில் சாதாரண உப்பு இட்டால், குளோரைட்டு செவுளில் நைத்திரைற்றோடு போட்டியிட்டு அது உள்ளே நுழைவதைக் குறைக்கும்.

நல்ல தண்ணீரில் விட்டால் மீன் தேறுமா?

சேதம் எல்லை மீறாவிட்டால் தேறும். குளுக்கோசும் உப்புச் சமநிலையும் சில நாட்களில் திரும்பும். செங்குழிய எண்ணிக்கை மீள வாரங்கள் ஆகும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். சிறுநீரகத்தின் குருதி செய்யும் திசு இறந்துபோயிருந்தால் மீட்சி அரைகுறைதான். நடைமுறையில் உள்ள சிக்கல் வேறு: கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிரிடும் இடங்களில், ஒரு தடவை பட்ட அடி ஆறுவதற்குள் அடுத்த மருந்து வந்து சேர்ந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட மீனைச் சாப்பிடலாமா?

மீனின் குருதிச்சோகை மனிதருக்குத் தொற்றாது. கேட்க வேண்டியது தசையில் மருந்து எஞ்சியிருக்கிறதா என்பதே. செத்து மிதக்கும் மீனையும், மருந்து கலந்ததென்று தெரிந்த தண்ணீரில் மயங்கிக் கிடக்கும் மீனையும் எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை தவறு. உயிரோடு பிடித்த மீனில் ஈரல், குடல், கொழுப்பு, மேலே சொன்ன கருஞ்சிவப்புப் பட்டை ஆகியவற்றை நன்றாக அகற்றிவிடுவது நல்லது. மருந்தும் அதன் எச்சங்களும் கூடுதலாகச் சேருமிடங்கள் அவைதான்.

ஓடையில் மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டால் முதலில் என்ன செய்வது?

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, கறுப்புப் பையில் சுற்றிக் குளிரில் வையுங்கள். சில மணித்தியாலம் தாமதித்தால் மருந்து கீழே போய்விடும், பிறகு வருபவர்கள் தெளிந்த நீரைத்தான் அள்ளுவார்கள். பாதி உயிரோடு தத்தளிக்கும் மீன் இருந்தால், செத்துக் கிடக்கும் பத்து மீன்களைவிட அது பெறுமதியானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம சேவகருக்கும் உடனே அறிவியுங்கள். கீழே பீலியில் தண்ணீர் பிடிக்கும் லயத்து வீடுகளுக்கு அதற்கும் முன்னரே சொல்லுங்கள்.

சிறிய மீன்குளம் வைத்திருப்பவர் எப்படித் தற்காத்துக்கொள்வது?

குளத்துக்கு வரும் வாய்க்காலில் ஓர் அடைப்பு இருக்க வேண்டும். சில நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் வெள்ளமே அதிக மருந்தைச் சுமந்து வருவதால், அந்த நேரம் அடைத்துவிட்டு, நீர் தெளிந்த பின் திறக்கலாம். வாய்க்காலின் ஓரங்களில் புல்லையோ வெட்டிவேரையோ அடர்த்தியாக வளரவிட்டால், மண்ணோடு ஒட்டிவரும் மருந்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கும். பைரெத்ரொயிட்டுகள் மண்ணில் இறுகப் பற்றுபவை என்பதால் அவற்றுக்கு இது நன்றாகவே பலன் தரும். தேயிலைக்குப் போடும் டொலமைட்டை அளவோடு குளத்திலும் இட்டால், கல்சியமும் மகனீசியமும் கூடி, செம்பின் கடுமை குறையும். மேற்பக்கத் தோட்டக்காரரிடம் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது. அதற்கு நல்ல உறவு வேண்டும். முறைப்பாட்டுக் கடிதத்தோடு அந்த உறவைத் தொடங்க முடியாது.

பாடசாலை மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாமா?

ஊசியேற்றுவதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். ஆனால் உணவுக்காக அப்போதுதான் வெட்டிய திலாப்பியாவின் ஒரு துளிக் குருதி போதும். அதைக் கண்ணாடித் தட்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு தட்டின் விளிம்பால் சாய்வாக ஒரே இழுப்பில் பரப்பிக் காயவிட்டு, மெதனோலில் பதித்து, கீம்சா சாயத்தில் இருபது நிமிடம் வைத்துக் கழுவினால், பாடசாலை நுணுக்குக்காட்டியின் நாற்பது மடங்குப் பொருள்வில்லையிலேயே நீள்வட்டச் செங்குழியங்களும் அவற்றின் நடுவில் ஊதாநிறக் கருவும் தெளிவாகத் தெரியும். மெதனோலை மட்டும் ஆசிரியர் தம் கையாலேயே ஊற்ற வேண்டும். அது நஞ்சு, தீயும் பிடிக்கும். மழை அடித்தோய்ந்த ஒரு வாரத்துக்குப் பிறகு அதே நீர்நிலையின் மீனில் இன்னொரு தட்டுச் செய்து, திகதியை எழுதி, பழையதோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிடலாம். ஒழுங்காகச் சாயமிட்ட தட்டு, வெளிச்சம் படாமல் வைத்தால், ஆண்டுக்கணக்கில் கெடாது.